எனக்கு இல்லாத அண்ணன்

நான் வீட்டுக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

எங்கள் ஊருக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து டவுன் பஸ் உண்டு. ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கிற ஊரையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களைப் பார்க்க வரும். சில வருடம் வராமலே இருந்துவிடும். அப்பா அந்த மண்ணில் சம்பா போடுகிறவர். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இவர்களுக்குப் பிறந்த நான் வயலின் வாசித்துக்கொண்டே பாடுகிறவளாக ஆனது, அம்மாவின் கணக்கில் இன்றுவரை தீராத ஒரு மீதி.

தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கத்தான் சின்ன வயதில் கற்றுக்கொண்டேன். தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நின்றுகொண்டு வாசிக்கப் பழகினேன். பாட ஆரம்பித்ததும் அதுவும் சரிப்படவில்லை. தாடையில் வயலினை இடுக்கினால் வாய் திறக்காது. கடைசியில் தோளை விட்டு இறக்கி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பழைய வாத்தியார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்குப் பால் குடுக்கற மாதிரி இருக்கு" என்றாராம். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

முதல் பாட்டை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது எழுதினேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா மண்வெட்டியோடு வரப்பில் போய் நின்றார். தண்ணீர் எங்களுக்கு முந்தின வயல் வரைக்கும் வந்து, அங்கேயே தேங்கி நின்றுவிட்டது. அப்பா யாரையும் திட்டவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "நாளைக்கு வரும்" என்றார். நான் மாடிக்குப் போய் எழுதினேன்.

"கடைசி வயலுக்கு வராத தண்ணியே,
யாரு வீட்டு வாசல்ல நின்னுட்ட?"

மாடித் தண்ணீர்த் தொட்டி பின்னால் தெரிய, செல்போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துப் பதிவு செய்த பாட்டு அது. விடுதித் தோழி ஒருத்தி அதற்குக் கீபோர்டும் தாளமும் சேர்த்தாள். எப்படிப் பரவியது என்று எனக்கே தெரியாது. கல்யாண மண்டபங்களில் போட்டார்கள், கல்லூரி விழாக்களில் ஆடினார்கள். தாமதமாக வரும் காதலனைப் பற்றிய பாட்டு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பாசனத்தைப் பற்றிய பாட்டு என்று சொன்னால் யார் ஆடுவார்கள்?

அதற்குப் பிறகு சில வருடங்கள் நானும் தோழியும் ஒரு வேனில் டெல்டா முழுக்கச் சுற்றினோம். கல்லூரி விழா, பள்ளி ஆண்டு விழா, வரவேற்பு, கடைத் திறப்பு என்று ஒன்றும் விடவில்லை. ஐப்பசி மழையில் வயலினின் கம்பியை முறுக்கும் பிருடைகள் ஈரத்தில் ஊறித் திருப்ப வராது. பங்குனி வெயிலில் அவையே தளர்ந்து, பாட்டின் நடுவில் கம்பி இறங்கிவிடும். அதைச் சமாளிக்கக் கூட்டத்தோடு பேசப் பழகினேன். பேச்சு பிடித்துப் போய்ச் சிலர் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சைக் கேட்க வந்தார்கள். புதுப் பாட்டுகளும் வந்துகொண்டே இருந்தன. சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது தெரியவில்லை, வேலையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மன்னார்குடியில் ஒரு விழாவில் மேடையிலேயே கம்பி அறுந்தது. என்னிடம் மாற்றுக் கம்பி இல்லை, மீதி மூன்று கம்பியில் ஒப்பேற்றினேன். அடுத்த நிகழ்ச்சி திருவாரூரில். முடிந்து கீழே இறங்கியபோது ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. கையில் ஒரு கம்பிப் பொட்டலம்.

"மேடம், அன்னைக்கு மன்னார்குடியில கம்பி அறுந்துச்சுல்ல. இதை வச்சுக்குங்க."

நான் போடுகிற அதே கம்பி. அது இந்தப் பக்கக் கடைகளில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும்.

"இதுதான் போடுறேன்னு எப்படித் தெரியும்?"

"வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தா டப்பாவுல எழுதியிருக்கறது தெரியும் மேடம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வேனில் ஏறியதும் தோழி, "நல்ல ரசிகன்தான்டி" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு அவளே, "அந்தக் கம்பி டப்பா எந்த வீடியோவுல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். என் அறையில் எடுத்த ஒரு வீடியோவில், எனக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில், துணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அலமாரியில் வேறு என்னவெல்லாம் இருந்தது என்றும் யோசித்தேன். அந்தக் கம்பியை நான் போடவே இல்லை.

பிறகு அவரை எல்லா ஊரிலும் பார்த்தேன். முன்வரிசைக்கு வரமாட்டார். ஆடமாட்டார், கைதட்டமாட்டார், போனைத் தூக்கிப் பதிவு செய்யமாட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, பாட்டு முடியும்போது ஒருமுறை தலையை ஆட்டுவார், ஒப்பித்த பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் ஆட்டுவது போல.

அந்த வருடம் தை மாதம் அறுவடை நேரத்தில் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. கதிர் முற்றிச் சாயத் தயாராக இருந்தது. அறுவடை மெஷின் கிடைக்காமல் ஊரே தவித்தது. நான் பட்டுக்கோட்டையில் ஒரு நிகழ்ச்சி முடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பைக். உள்ளே கூடத்தில் இலை போட்டு அந்த வெளிர்நீலச் சட்டைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்" என்றார் அவர், என்னைப் பார்த்து. என் வீட்டுக்குள் என்னை.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "தம்பி மெஷின் ஏஜென்ட்டும்மா. நம்ம வயலுக்குன்னு முன்னாடியே அனுப்பி வச்சிருக்காரு. உன் பாட்டுன்னா உயிராம்!"

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வயல்களில் கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டது. எங்கள் நெல் மட்டும் உள்ளே இருந்தது. அப்படி ஒரு உதவி செய்தவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

அடிக்கடி வர ஆரம்பித்தார். உர மூட்டை வந்திறங்கினால் கூட நின்றார். அந்த வருடம் அப்பா மோட்டார்த் தண்ணீரில் குறுவையும் போட்டிருந்தார், மோட்டார் மக்கர் செய்தால் ஆளைக் கூட்டி வந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு முள் குத்தி, அது புண்ணாகி ஆறாமல் இழுத்தது. அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கூட்டிப் போனார். பிறகு கட்டு மாற்றுவதற்கென்றே வீட்டுக்கு வந்தார். நர்ஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். கூடத்தில் உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்து, பஞ்சால் துடைத்து, மருந்து தடவி, சுற்றுச் சுற்றாகக் கட்டுவார். பெற்ற மகன்கூட அப்படிச் செய்யமாட்டான் என்று தெருவே சொன்னது.

முதலில் அப்பாவை ஐயா என்றார். பிறகு ஒருநாள் மாமா என்றார். அம்மா அடுப்படியில் என்னிடம், "மாமாவா? எந்த வழியில?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

நான் மாடியில் வாசித்துப் பழகும்போது அவர் கீழே கூடத்தில் இருப்பார். இறங்கி வந்தால், "ரெண்டாவது சரணத்துல ஒரு வரிய மாத்திட்டீங்க போலருக்கே" என்பார். புதுப் பாட்டு வெளியிட்டால் மறுநாள் வந்து, தணிந்த குரலில், "போன வாரம் நான் சொன்னதுக்குப் பதில்தானே இது? புரிஞ்சுது" என்பார். போன வாரம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவே இருக்காது. மழையைப் பற்றி எழுதினாலும், பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதினாலும் அது அவருக்கு எழுதிய பதிலாகிவிடும். கொஞ்ச நாளில் பேனாவை எடுக்கும்போதே, இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை.

வீட்டில் அப்பா என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார், அம்மா கோபமில்லாத நேரத்தில் கூப்பிடுவாள், வேறு யாரும் கூப்பிட்டதில்லை. ஒருநாள் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "எங்க கிளம்பிட்ட பாப்பா?" என்று கேட்டது. அப்பா என்று நினைத்துத் திரும்பினேன். அவர் நின்றிருந்தார். குடையை நீட்டினார். "மழை வரும், எடுத்துட்டுப் போ."

அன்று அப்பாவிடம் சொன்னேன். "அவரு வர்றது எனக்குப் பிடிக்கலப்பா."

அப்பா பதறிவிட்டார். "என்னம்மா, எதாவது தப்பா நடந்துக்கிட்டாரா?"

"இல்ல."

"கையக் கிய்ய..."

"அதெல்லாம் இல்லப்பா."

"தப்பாப் பேசினாரா?"

"குடை குடுத்தாரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அலைச்சல் அதிகம், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதுதான் என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு என் எண்ணைக் கொடுப்பதில்லை. கண்டவர்களும் கூப்பிடுகிறார்கள் என்று என் சேனலில் அப்பாவின் எண்ணைத்தான் போட்டிருந்தோம். அப்பா பேசி, நாள் குறித்துக்கொண்டு என்னிடம் சொல்வார். அந்தக் கூப்பிடல்கள் குறைய ஆரம்பித்தன. மாசியில் வழக்கமாக வரும் கல்லூரிகள் வரவில்லை. வைகாசி வரவேற்புகள் வரவில்லை. கூப்பிடுவதாகச் சொன்ன ஓரிரண்டு இடங்களிலும் சத்தமில்லாமல் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். சென்னையில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து குரல் பதிவுக்குக் கேட்டிருந்தார்கள். அவர்களும் பிறகு பேசவில்லை.

பாப் பாட்டின் ஆயுள் அவ்வளவுதான், ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். தோழி கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். போகும்போது, "நம்ம மேல எதோ கண்ணு பட்டிருக்குடி" என்றாள். நான் மன்னார்குடியில் சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கப் போனேன். மற்ற நாட்களில் வீட்டில் இருந்தேன். அவர் வருவார், அப்பாவுக்குக் கட்டு மாற்றுவார், என்னைப் பார்த்து, "இப்பத்தான் முகம் தெளிவா இருக்கு" என்பார். மாடிக்குப் போய் வாசிப்பதையும் விட்டுவிட்டேன். வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் அக்காவுக்குக் கூத்தாநல்லூரில் கல்யாணம். போகலாமா வேண்டாமா என்று யோசித்து, வீட்டை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாமே என்றுதான் போனேன். பெண்கள் பக்கத்தில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா வேகமாக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த ஊரில் ஒரு பள்ளியை நடத்துகிறவர். இரண்டு ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுப் பாட வைத்தவர். கண் கலங்கியிருந்தது.

"எப்படிம்மா இருக்கு இப்ப? பேசலாமா? பேச வேணாம், தலைய மட்டும் ஆட்டு."

எனக்குப் புரியவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்?"

என் குரலைக் கேட்டு அவர் திடுக்கிட்டார். "தொண்டையில ஆபரேஷன் பண்ணியிருக்குன்னு சொன்னாங்களே? இனிமே பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு? நாங்கல்லாம் உனக்காக துஆ செஞ்சோமேம்மா."

"யாரு சொன்னா?"

"உங்க அண்ணந்தான்."

என் கையிலிருந்த தட்டை அவரே வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்கு அண்ணன் இல்லம்மா."

சுற்றிலும் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அவர் தன் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆண்டு விழாவுக்குக் கேட்க அப்பாவின் எண்ணைக் கூப்பிட்டாராம். அண்ணன் என்று ஒருவர் எடுத்துப் பேசினாராம். பிறகு அந்த அண்ணனே தன் எண்ணிலிருந்து கூப்பிட்டு விவரம் சொன்னாராம். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், தங்கச்சி மனசு உடைந்துவிடும் என்று கேட்டுக்கொண்டாராம். அதனால்தான் யாரும் என்னை வந்து பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பேசவும் இல்லை.

எண்ணைக் காட்டினார். என் போனில் அந்த எண்ணை 'மெஷின்' என்று பதிந்து வைத்திருந்தேன்.

"உங்க போன்லேருந்து கூப்பிடுங்க" என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் இருவரும் குனிந்து கேட்டோம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றது அந்தத் தணிந்த குரல். அந்த அம்மா என்னை விசாரித்தார். "தங்கச்சியா? இருக்கா, பரவால்ல. பேச்சுதான் சுத்தமாக் கொறஞ்சு போச்சு. இப்ப வீட்டுலதான் தூங்குறா. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அந்த அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தால் குரல் வராதோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மன்னார்குடி போய் பஸ் மாறி ஊருக்கு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே விளைந்த குறுவை வயல்கள் மஞ்சளாக ஓடின. நான் தூங்கிக்கொண்டிருப்பதாக அவர் சொன்ன நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே சொன்னாரா? நான் இல்லாத வீட்டில் அவர் இப்போது எந்த அறையில் இருக்கிறார்? ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டு வாசலில் பைக் நின்றது. கூடத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் கீழே உட்கார்ந்து, அப்பாவின் காலை மடியில் வைத்துக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "கல்யாணச் சாப்பாடு நல்லா இருந்துச்சா பாப்பா?" என்றார்.

நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக வரும். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. பாட்டும் கூத்தும் எதற்கு என்று வருஷக்கணக்காக என்னோடு மல்லுக்கு நின்றவள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

"தம்பி, அந்தப் பஞ்சைக் கீழ வச்சுட்டு எழுந்திரிங்க."

அவர் நிமிரவில்லை. "கட்டி முடிச்சுடறேம்மா."

"எழுந்திரிங்கன்னேன்."

"தொறந்த புண்ணும்மா. காத்து படக் கூடாது." கட்டுத்துணி சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா ஒன்றும் புரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் கால் இன்னும் அந்த ஆளின் மடியில் இருந்தது.

"என் பொண்ணுக்குத் தொண்டையில ஆபரேஷன்னு ஊரெல்லாம் சொன்னீங்களா?"

அவர் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எந்தப் பதற்றமும் இல்லாமல், ஒரு நல்ல காரியத்தை விளக்குகிறவர் போலப் பேசினார்.

"எத்தனை பேரு பாக்குறாங்கம்மா. கண்டவனும் அவ பாட்டுக்கு ஆடுறான், போன்ல புடிச்சு வச்சுக்கறான். நம்ம வீட்டுப் பொண்ணு. நான் ஒருத்தன் கேட்டாப் போதாதா? பாப்பாவுக்கும் இதுதான் நிம்மதி. மொகத்தப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்குன்னு."

அப்பா காலை இழுத்துக்கொண்டார். வேகமாக இழுத்ததில் துணி பிரிந்து தரையில் நீளமாகக் கிடந்தது. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அப்பா யாரையும் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை.

"யாருடா நம்ம வீடு? எவன்டா நீ?"

அவர் மெல்ல எழுந்தார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துண்டு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எடுத்துத் துடைத்துக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டினார். வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை குறுவை அறுப்புக்கு மெஷின் அனுப்பறேன் மாமா. காலைச் சுத்தமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். அந்தப் போனுக்கு வருகிற அழைப்புகளெல்லாம் வேறொரு எண்ணுக்குப் போகும்படி மாற்றப்பட்டிருந்தது. ஒருநாள் அப்பா வயலில் இருந்தபோது, போன் சரியாக எடுக்கவில்லை என்று அவர்தான் வாங்கிச் சரிசெய்து கொடுத்தாராம். சொந்தக்காரர்கள் எல்லாம் அம்மாவின் போனில்தான் கூப்பிடுவார்கள், அதனால் அப்பாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் உண்மையிலேயே வந்தது. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய் வரப்பில் நின்று அதைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு வேறு மெஷின் கிடைப்பதற்குள் மழை வந்துவிட்டது. குறுவையில் பாதி சாய்ந்தது. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. கட்டு மாற்ற அம்மாவைத் தவிர யாரையும் தன் காலைத் தொடவிடவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்த வெளிர்நீலச் சட்டைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விசாரணையில் அழுதாராம், எங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை என்றாராம். பிறகு சிங்கப்பூர் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். நாகப்பட்டினம் பக்கம் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று எங்களுக்குத் தெரியாது. நீல நிறச் சட்டையைக் கண்டால் இன்றும் என் கால் நின்றுவிடும்.

எனக்கு வேறு ஒரு வேலை மிச்சமிருந்தது. என்னைப் பாட அழைத்த ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர் நம்பவில்லை. குடும்பத் தகராறில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து, "அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்மா" என்றார்கள். ஒரு கல்லூரியில், "எங்க, ரெண்டு வரி பாடிக் காமிங்க பாப்போம்" என்றார்கள். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில் பாடினேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஆனாலும் பாடினேன்.

எழுத்து அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. பல மாதம் எந்த வரியை எழுதினாலும், 'புரிஞ்சுது' என்று யாரோ சொல்வது போல இருக்கும், அடித்துவிடுவேன். பிறகு ஒருநாள், புரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தவனைப் பற்றி நேராகவே ஒரு பாட்டு எழுதினேன். அதில் காதலும் இல்லை, தண்ணீரும் இல்லை. தோழி பெங்களூரிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பாட்டை முதலில் வேதாரண்யத்தில் பாடினேன், ஒரு பள்ளி விழாவில். பந்தல் துணி படபடவென்று அடிக்கிற காற்று, மைக்கில் அதன் இரைச்சல்தான் பாதி. உப்பளத்தில் வேலை முடித்த பெண்கள் அப்படியே வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு யாரும் ஆடவில்லை. முடிந்ததும் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், கட்டிய கைகளைத் தேடினேன். பிறகு முன்னால் இருந்த ஒரு பெண், "இன்னொரு தடவ பாடும்மா" என்றாள். பாடினேன்.

என் நிகழ்ச்சிகளுக்கு அம்மா ஒருநாளும் வந்ததில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வருகிறாள். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

வேதாரண்யத்திலிருந்து திரும்பும்போது வேனில் கேட்டேன். "புதுப் பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?"

"காதுல விழுந்துச்சு. நல்லா இருந்துச்சு." வேன் ஜன்னலை இழுத்து மூடினாள். "தூணுக்குப் பக்கத்துல ஒருத்தன் கடைசி வரைக்கும் நின்னுட்டே இருந்தானே, அவன் யாரு?"

"ஸ்பீக்கர் செட்காரர்மா."

"நிச்சயமாத் தெரியுமா?"

தோழியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.